எர்த் போட்டதுக்கு அப்பறம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போகத்தான வந்திருக்கீங்க? ஃபோன்ல சொன்னாங்க. நீங்க கம்பெனி ஆளா, இல்ல வண்டிக்கு வந்தவரா? கம்பெனி ஆளா, அப்பச் சரி. வண்டிக்காரர்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது. கம்பெனி ஆளுதான் இதைக் கேக்கோணும். ருக்குமணி, தம்பிக்கு மோரு கொண்டா.

உக்காருங்க. அதாங்க மிஷின், ஹால்லயே இருக்குது. ஓடிட்டு இருக்குது பாருங்க. காலைல எம்பட புள்ள வாணி போட்டு உட்டது, நீங்க வர்றீங்கன்னு இப்பத்தான் எந்திரிச்சு உள்ள போனா. பொழுது சாயற வரைக்கும் ஓடும். ஒரு கனைப்பு இல்ல, ஒரு இருமல் இல்ல. உங்க ஆபீசுல இந்த மிஷினுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியுமுங்க. நின்னு நின்னு போற மிஷின், கோபிச்செட்டிபாளையத்து ஓட்டை மிஷின். அந்தப் பேரோட இது இந்த ஊட்டை உட்டுப் போகக் கூடாது. அதுக்குத்தான் உங்களைச் சித்தெ உக்காரச் சொல்றனுங்க.

நான் ஈ.பி.யில இருந்து ரிட்டயர் ஆனவன். ஃபோர்மேன் சென்னியப்பன்னு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஃபால்ட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியுமுங்க. கரண்டு நின்னு போச்சுன்னா புதுசா வந்த பசங்க ஓடிப்போயி டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பாத்துட்டு நிப்பானுங்க. நான் பாக்க மாட்டேன். லைனைப் பாதியா வெட்டுவேன். இந்தப் பாதிக்குக் கரண்டு உட்டுப் பாரு. கரண்டு நின்னு போகுதா, அப்ப ஃபால்ட்டு இங்க. நிக்கலையா, அந்தப் பாதியில. மறுக்கா அதைப் பாதியாக்கு. இப்படியே போனா கடைசில ஒரே ஒரு கம்பத்துக்கிட்டக் கொண்டுபோயி நிறுத்தும். அங்க ஏறிப் பாத்தா பீங்கான் விரிசல் உட்டிருக்கும், இல்லைன்னா ஒரு ஓணான் கருகிக் கெடக்கும். ஒவ்வொண்ணாக் கழட்டிட்டே வரோணும். கழட்டறதுக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு வரும்போது மிச்சம் நிக்குது பாருங்க, அதுதான் ஃபால்ட்டு. சர்வீஸ் பூராவும் எம்பட வித்தை அவ்வளவுதான்.

இந்த மிஷினை கொரோனா சமயத்துல உங்க கம்பெனிதான் பெட்டி கட்டி அனுப்புச்சு. வாணிக்கு இரும்புக் கட்டடத்துக்குப் படம் போடற வேலை, உங்களுக்குத் தெரியாததா. எங்கியோ வெளிநாட்டுல குடோன் கட்டறாங்கன்னா, எந்த இரும்பு எதோட சேருது, போல்ட்டு எங்க வருதுன்னு இவ இங்க உக்காந்து போடுவா. ஸ்க்ரீன்லயே கட்டடத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிக் காட்டுவா. நான் பின்னாடி நின்னு பாத்துட்டே இருப்பேன். அப்பறம் கொரோனா போச்சு, எல்லாரையும் மெட்ராசுக்கே வரச் சொல்லிட்டாங்க. இவளும் துணிமணியெல்லாம் எடுத்துப் பெட்டியில வெச்சுட்டா. நாந்தான் உங்க ஆபீசுல மேல கீழன்னு எல்லார்த்துகிட்டயும் பேசி, ஊட்ல இருந்தே செய்யட்டும்னு வாங்குனேன். வேலை தடங்கல் இல்லாம நடக்கற வரைக்கும் இருக்கட்டும்னாங்க. அவ்வளவுதான நமக்கு வேணும். பெட்டியைப் பிரிச்சுத் துணியை மறுக்கா பீரோவுல அடுக்கச் சொன்னேன்.

ஏன்னு கேப்பீங்க. நான் தனியா இருந்து தின்னவன் தம்பி. மலை மேல கேம்பு கேம்பாப் போட்டாங்க என்னை. சோத்தைப் பொங்கி, பேச்சுத் துணைக்கு ஆளில்லாம, செவுத்தைப் பாத்துட்டே தின்னுட்டுப் படுத்தவன். இந்தப் புள்ள பொறந்தப்ப நான் ஊட்ல இல்ல. நடந்தப்ப இல்ல. பள்ளிக்கூடத்துல சேத்தப்ப இல்ல. ரிட்டயர் ஆகி வந்து பாத்தா வளந்து நிக்குது. இனிமேலாவது கண்ணு முன்னாடி வெச்சுக்கலாம்னு ஒரு ஆசைங்க. அது மேல எனக்கு உசுரு. வேற என்னத்தைச் சொல்றது.

கெரகத்தைப் பாருங்க, ஊட்ல இருந்தே செய்யலாம்னு உத்தரவு வந்து கொஞ்ச நாள்தான், மிஷின் நிக்க ஆரம்பிச்சுருச்சு. சும்மா இருக்கறப்ப நிக்காதுங்க. உங்க ஆபீசுக்காரங்க மீட்டிங் போட்டுப் பேசிட்டு இருக்கறப்ப, படத்தை முடிச்சு அனுப்பற நேரத்துல, பொசுக்குன்னு இருட்டாயிரும். வாணி வெளிய வந்து, 'அப்பா, மிஷின் நின்னு போச்சுங்கப்பா'ன்னு சொல்லுவா. கோவமில்ல, பதட்டமில்ல. எம்பட புள்ளைக்கு அத்தனை பொறுமை.

சத்தி ரோட்டுல அன்வர்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கார். படிச்ச மனுசன், ஆனா வாய் ஓயாது. அவருகிட்டத் தூக்கிட்டுப் போனேன். மொதல்ல ரேமுன்னார். அதைப் புடுங்கி, அதோட பல்லு வரிசையை அழிரப்பர் போட்டுத் தேச்சு மாட்டுனார். நின்னுது. அப்பறம் சூடுன்னார். ஃபேனைக் கழட்டுனா உள்ள பஞ்சு மெத்தை கணக்கா தூசி. அடியில தடவி இருக்கற பசை காஞ்சு சுண்ணாம்பாக் கெடந்துச்சு. வழிச்சுப் போட்டுப் புதுசாத் தடவுனார். அப்பவும் நின்னுது. பவர் சப்ளை பெட்டியை மாத்துனார். போர்டுல எதாச்சும் உப்பி இருக்குதான்னு லென்சு வெச்சுப் பாத்தார். டிஸ்க்குக்குப் போற வயரை மாத்துனார். ஊட்டுக்கு வந்து ரெண்டாம் நாளே, 'அப்பா, நின்னு போச்சுங்கப்பா.'

இதுல கூத்து என்னன்னா, அன்வர் கடையில வெச்சா நிக்காதுங்க. அங்க பாட்டுக்கு ஓடும். ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டு அவரே கூப்புட்டார். 'சார், மிஷின்ல ஒண்ணுமே இல்ல. ஃபால்ட்டு உங்க ஊட்லதான் இருக்குது'ன்னார். எனக்கு உச்சி குளுந்து போச்சு. அதைத்தானய்யா நானும் மொதல்ல இருந்து நெனச்சேன், ஊட்டு லைன்லதான் இருக்குதுன்னேன். அவரு என்னமோ சொல்ல வந்தார். நான் வண்டியை எடுத்துட்டேன்.

அப்பறம் எம்பட முறைதான். ஊட்டைப் பாதியா வெட்டுனேன். ஃப்ரிட்ஜை வேற லைனுக்கு மாத்துனேன். வாணி வேலை முடிக்கற வரைக்கும் மிக்சி போடக் கூடாதுன்னுட்டேன். எம்பட சம்சாரம் ருக்குமணி பாவம், அம்மியில சட்னி அரைச்சுட்டு இருந்தா. அப்பவும் நின்னுது. வாணி மேசையில இருந்த சின்ன ஃபேனை எடுத்தேன். காதுல மாட்டிப் பாட்டு கேக்குமே, அதைக் கழட்டுனேன். அவ கூடப் படிச்ச புள்ள, நிவேதான்னு, சாயங்காலம் வந்து கட்டில்ல உக்காந்து பேசிட்டுப் போகும். வந்ததும் மொத வேலையா செல்லுக்குச் சார்ஜர் சொருகும். 'கண்ணு, கொஞ்ச நாளைக்கு வராத, லைன் செக் பண்ணிட்டு இருக்கறேன்'னு சொன்னேன். சிரிச்சுட்டேதான் போச்சு. அதுக்கப்பறம் வரவே இல்ல. அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு யாரோ சொன்னாங்க.

அப்பவும் நின்னுதுங்க. ரூமுல காத்தோட்டம் பத்தாதுன்னு மேசையோட மிஷினை இங்க ஹாலுக்குக் கொண்டாந்துட்டேன். இதா, இந்த நாற்காலியில நான் உக்காந்துக்குவேன். கண்ணு மறையாமப் பாத்தாத்தான ஃபால்ட்டு மாட்டும். செல்போனும் பக்கத்துல வேண்டாம், சிக்னல் எதாச்சும் பண்ணும்னு வாங்கி எம்பட சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். வாணி ஒரு வார்த்தை எதுத்துப் பேசலீங்க. எல்லாத்துக்கும் 'சரிங்கப்பா'தான். எம்பட கேங்ல கூட இப்படி ஒத்தாசையான ஆளு இருந்ததில்ல.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கற வரைக்கும் மிஷின் நிக்காது. தோட்டத்துப் பக்கம் போனா நிக்கும். குளிக்கப் போனா நிக்கும். பாரியூர் கோயிலுக்குப் போயிட்டு வந்தா, வாசல்லயே, 'நின்னு போச்சுங்கப்பா.' கரண்டுக்கு ஃபோர்மேனைக் கண்டா பயம் போல இருக்குதுன்னு ருக்குமணிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. 'மிஷினை உடுங்க, அவ மெட்ராசுக்குப் போகோணும்னு இருக்கறா, அனுப்புங்க'ன்னா. அவளுக்கு என்ன தெரியும். மிஷின் சரியில்லாததுனாலதான அந்தப் புள்ள போகோணும்கறா. மிஷின் சரியாயிட்டா எதுக்குப் போகோணும்? சொல்லுங்க பாக்கலாம்.

மோரு குடிங்க தம்பி. உப்பு போதுங்களா?

கடைசில அன்வரையே ஊட்டுக்கு வரச் சொன்னேன். மிஷின் எப்ப நின்னுது, எதனால நின்னுதுன்னு அதுவே உள்ள குறிச்சு வெச்சுக்குமாம். அவரு அதைத் தொறந்து பாத்தார். மேல கீழ உருட்டி மறுக்கா மறுக்காப் பாத்தார். அப்பறம், 'சார், யாரோ பட்டனை அமுக்கிப் புடிச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்'னார். சொல்லிட்டு வாணியைப் பாத்தார். வாணி ஸ்க்ரீனைப் பாத்துட்டு இருந்தா. ருக்குமணி சமையக்கட்டுக் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தா.

எனக்கு வந்த வேகம் தெரியுங்களா. பட்டன்ல ஷார்ட்டுய்யா, இத்தனை நாளா இது தெரியாமப் போச்சேன்னு சொல்லி, அவரு கையில இருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி, நானே முன்னாடி இருந்த பட்டனைக் கழட்டிப் போட்டுட்டேன். அதாங்க, ஓட்டை தெரியுது பாருங்க. இப்ப மிஷினைப் போடறதுன்னா உள்ள இருக்கற ரெண்டு ஊசியை ஸ்குரூ டிரைவர்ல தொட்டாப் போதும். வாணிக்கு அதைச் சொல்லிக் குடுத்தேன், உடனே புடிச்சுக்கிட்டா. அன்வர் வாசல்ல செருப்பு மாட்டறப்ப எம்பட கையைப் புடிச்சுக்கிட்டு, 'சார், உங்க பொண்ணுகிட்ட ஒருக்கா உக்காந்து பேசுங்க'ன்னார். அவளுக்கு எலக்ட்ரிக்கல் தெரியாதேங்க, அவகிட்டப் பேசி என்ன ஆகும்னேன். மனுசன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

பட்டனைக் கழட்டியும் நின்னுது. அப்பத்தான் தம்பி நானே கொஞ்சம் தளந்துட்டேன். மறுக்கா அன்வர்கிட்டக் குறிப்பைப் பாக்கச் சொன்னேன். இந்தத் தடவை பட்டன் இல்லையாம். ஓடிட்டு இருக்கறப்பவே கரண்டு அத்துப் போயிருக்குதாம். இத்தனைக்கும் யு.பி.எஸ். நல்லா இருக்குது. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உசுரு திரும்பி வந்துச்சு. கரண்டுன்னா நம்ம சமாச்சாரம்தான. இந்த ஊட்டுக்கு எர்த் போட்டு, அதாங்க, கசியற கரண்டை மண்ணுக்குள்ள எறக்கற கம்பி, எத்தனையோ வருசம் ஆச்சு. எர்த் சரியில்லைன்னா அது எப்படி வேணும்னாலும் வெளையாடும்.

ஆளு வெக்காம நானே குழி தோண்டுனேன். பின்னால முருங்கை மரத்துப் பக்கம். ஆள் மட்டத்துக்குத் தோண்டி, தகடு எறக்கி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்குன்னு போட்டுட்டே வந்தேன். வாணி வந்து கரி அள்ளிக் குடுத்தா. மீட்டிங்கு இல்லியான்னு கேட்டேன். 'மிஷின் நின்னு போச்சுங்கப்பா'ன்னா. அப்பறம் கூடையைக் கீழ வெச்சுட்டு, 'அப்பா, நான் மெட்ராசுக்குப் போறனுங்கப்பா. அங்க என்னைய ஒரு குரூப்புக்கே பொறுப்பாப் போடறேன்னு சொல்றாங்க. ஊட்ல இருந்தா குடுக்க மாட்டாங்க. எனக்கு அது வேணுங்கப்பா'ன்னா. கை ரெண்டும் கரி. மூஞ்சியில வேத்து ஊத்துது. தோள்ல இருந்த துண்டை எடுத்துக் குடுத்தேன். 'இன்னும் ஒரே நாளு பொறு கண்ணு, எர்த் முடிஞ்சுதுன்னா இங்கயே எல்லாம் நல்லபடியா நடக்கும்'னு சொன்னேன். அவ குனிஞ்சு கூடையை எடுத்தா. அப்பறம் மறுக்காக் கரி அள்ளுனா.

அதுக்கு அடுத்த நாளு வாணிக்கு மேல இருக்கற உங்க நிர்மலா மேடம் கூப்புட்டாங்க. வாணி செல்லு எம்பட பையிலதான இருந்துச்சு, நாந்தான் எடுத்தேன். மேடம் நல்ல மனுசி, கொற சொல்ல மாட்டேன். 'உங்க ஊட்டு மிஷினை நம்பி இனிமே வேலை குடுக்க முடியாது சார். வாணியை இங்க அனுப்புங்க. பெரிய பொறுப்பு காத்துட்டு இருக்குது, ஹாஸ்டலுக்கும் நாங்களே சொல்லி வெச்சிருக்கோம்'னாங்க. நான் சொன்னேன், மேடம், மிஷினு இன்னைக்குப் பொழுதோட சரியாயிரும். புள்ளையை நாங்க அனுப்பறதா இல்ல. இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. வாணிகிட்டப் பேசலாமான்னாங்க. அவளும் இதையேதான் சொல்லுவா, எதுக்கு உங்களுக்குச் செரமம்னுட்டேன். வாணி அந்த மேசையிலதான் உக்காந்திருந்தா. எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலியே. சம்மதம்னுதான அர்த்தம்.

அன்னைக்குப் பொழுதோட எர்த் கனெக்சன் குடுத்தேனுங்க. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட இந்த மிஷின் நிக்கல. நான் தோட்டத்துக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி. அன்வர் கடைக்கே போயிச் சொல்லிட்டு வந்தேன், எர்த்துதான்யா, எர்த்துதான்னு. அவரு டீ வாங்கிக் குடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சு வேலையைப் பாத்தார். தோத்துட்டாரில்ல.

ஆனா உங்க கம்பெனிக்காரங்க செஞ்சது ஞாயமில்லீங்க. மிஷின் நின்னுட்டு இருந்த வரைக்கும் வேலை குடுத்தீங்க. நல்லா ஓட ஆரம்பிச்சதும் வேண்டாம்னு கணக்கு முடிச்சுட்டீங்க. நீங்க போயிச் சொல்லுங்க தம்பி, மிஷின் இப்ப நல்லா இருக்குது, ஊட்ல இருந்து செய்யட்டும்னு. அந்தப் பொறுப்பு, அதுக்கு வேற ஆளு போட்டாச்சுங்களா?

ஓ. போட்டாச்சுங்களா.

சரி. போட்டாப் போகுது.

இப்ப வேலை இல்லதான். ஆனாலும் அவ காலைல குளிச்சுட்டு வந்து மிஷினைப் போட்டுட்டு உக்காந்துருவா. உங்க ஆபீசுல அவ பேரை எடுத்துட்டாங்களாம், அந்தக் கட்டடப் படமெல்லாம் தொறக்காதாம். பேரு என்ன, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டுட்டு ஸ்க்ரீன் அப்படியே நிக்கும். அதையே பாத்துட்டு உக்காந்திருப்பா. நான் இந்த நாற்காலியில உக்காந்திருப்பேன். செல்லைத் திருப்பிக் குடுத்தேன், மேசை மேலயேதான் கெடக்குது. மேசை ஃபேனைக் குடுத்தேன், போடறதில்ல. ரூமுக்கே மிஷினை மாத்தித் தரட்டுமா கண்ணுன்னு கேட்டேன். வேண்டாங்கப்பான்னா. ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறா தம்பி. முன்னையெல்லாம் எதாச்சும் ஒண்ணு கேட்டுட்டே இருப்பா. அது ஒண்ணுதான் எனக்கு வெசனம். மத்தபடி ஊட்ல ஒரு கொறையும் இல்ல.

கெளம்பறீங்களா. சரி, வெய்யில் ஏறுது. வாணி, தம்பி கெளம்பறாரு, வந்து மிஷினை அணைச்சுக் குடு கண்ணு. இதை முறையா அணைக்கோணும் தம்பி, அதுக்குன்னு ஒரு வழி இருக்குதுன்னு அன்வர் சொல்லியிருக்கார். அவசரப்பட்டா உள்ள இருக்கறது கெட்டுப் போயிரும். வர்றா பாருங்க.

என்ன கண்ணு இது. இப்படியா அணைக்கறது? ஓடற மிஷினுக்குப் பின்னாடி கையை உட்டு வயரை உருவறதா? குனிஞ்சுகூடப் பாக்கல நீ. கை பாட்டுக்கு நேரா அங்கயே போகுது.

பழகிருச்சுங்கறா. கேட்டீங்களா தம்பி, பழகிருச்சாம். இத்தனை படிச்சிருக்குது, ஒரு மிஷினை எப்படி அணைக்கறதுன்னு தெரியல. இப்படி உருவுனா எந்த மிஷின்தான் தாங்கும், நீங்களே சொல்லுங்க.